ரிவர்ஸில் நன்றாகப் பிடிக்கிறது

பெம்பான்
6.3.1994

அன்புள்ள காந்தன் அண்ணனுக்கு,

தங்கை பவானேஸ்வரி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலந்தானே? அண்ணியின் கழுத்துவலி எப்படி இருக்கிறது? சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், எண்ணெய் வேண்டாம்.

கடிதம் போட்டு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நம் மோரிஸ் மைனருக்குப் பிரேக் சரியில்லை. மிதித்தால் பெடல் பாதி வழி சும்மா போகிறது. அப்புறம் முன் சக்கரத்திலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். அதற்கும் அப்புறம்தான் வண்டி நிற்கிறது. தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஹேண்ட்பிரேக்கையும் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த மேடு உங்களுக்கு நினைவிருக்கும். கீழே பாலம், பாலத்தைத் தாண்டினால் மெயின் ரோடு, அதில் செம்பனை லாரிகள் ஓயாமல் போகும்.

பாச்சாங்கில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். முதலாளி டவுக்கே குனிந்துகூடப் பார்க்காமல், "இது பெசி புரோக் லா, வெறும் பழைய இரும்பு, சாமான் கிடைக்காது, எடைக்குப் போட்டுடு" என்றார். அதே வாரம் கோலாலம்பூர்க்காரர் ஒருவர் பெம்பான் பசாரில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துவிட்டு, "கிளாசிக் கார் அக்கா, வித்துடாதீங்க" என்றார். எப்படியோ போகட்டும், எனக்கு அது நின்றால் போதும்.

உங்கள் கடையில் பழைய வண்டிச் சாமான் கிடைக்குமே என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார். முன் சக்கரம் இரண்டுக்கும் என்னென்ன வேண்டுமோ அனுப்புங்கள். வண்டியில் ஏழு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களின் அப்பா அம்மா எல்லாரும் விடிவதற்குள் செங் பக்கத்துத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். இந்த வண்டி ஓடாவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை
பவானி


சுங்கைப்பட்டாணி
11.3.1994

அன்புத் தங்கை பவானிக்கு,

அண்ணனின் ஆசிகள். நாங்கள் நலம். உன் அண்ணிக்குக் கழுத்துவலி தோள்பட்டைக்கு இறங்கியிருக்கிறது. அதையும் முன்னேற்றம் என்கிறாள். மாப்பிள்ளை மணியம் சுகமா?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு இரண்டு பேருக்குத் தப்பான சாமானை எடுத்துக் கொடுத்தேன். ஏழு பிள்ளைகள் என்று எழுதிவிட்டு அண்ணி கழுத்துக்கு ஒத்தடம் சொல்கிறாயே! முதலில் ஒன்று சொல்கிறேன். பிரேக் மாற்றும்வரை பிள்ளைகளோடு அந்த மேட்டில் வண்டியை இறக்கக் கூடாது. பிள்ளைகள் பாலம்வரை நடக்கட்டும். மாப்பிள்ளை வெறும் வண்டியை முதல் கியரில் இறக்கட்டும்.

இனி சாமான். 'கர்ர்' என்றால் பிரேக் சூவில் லைனிங் தேய்ந்து இரும்பு டிரம்மை உரசுகிறது. பெடல் சும்மா போனால் சக்கரத்துப் பம்பில் ரப்பர் போயிருக்கும். மோரிஸில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பம்பு, இரண்டு சூ. ஆனால் எந்த அளவு? உங்கள் வண்டி அறுபத்தொன்று. அதற்கு முன் டிரம் ஏழு அங்குலம். அறுபத்து மூன்றிலிருந்து வந்தவற்றுக்கு எட்டு. முப்பது வருஷத்தில் எத்தனை கை மாறியதோ, யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ! வண்டிப் பதிவுக் கிராண்டில் போட்டிருக்கும் வருஷத்தை நம்பி நான் அனுப்ப மாட்டேன். டிரம்மைக் கழற்றி உள்வாயைக் குறுக்கே அளந்து எழுதச் சொல். மூன்று தடவை அளக்கச் சொல்.

நான் ரொம்பப் பயப்படுகிறேன் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். பதினெட்டு வருஷமாகப் பிரேக் சாமான் விற்கிறவன் நான். யார் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். உன் கல்யாணத்துக்கு வந்தபோது அந்த வண்டியில்தானே, "மச்சானுக்குத் தரையிலயும் ஒரு பிரேக் வச்சுக் குடுக்கணும்" என்று மாப்பிள்ளை கேலி செய்தார்?

அளவை உடனே எழுது.

அண்ணன்
காந்தன்


பெம்பான்
19.3.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். தோள்பட்டையோடு வலி இறங்கிப் போகட்டும் என்று அண்ணிக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அளந்தாயிற்று. எட்டு அங்குலம். தையல் டேப்பால் மூன்று தடவை அளந்து, நீங்கள் கேட்பீர்கள் என்று நான்காவது தடவையும் அளந்தேன். நான்கு தடவையும் எட்டுதான். டிரம் லேசில் கழறவில்லை. பலகையை வைத்துச் சுற்றிவரத் தட்டிய பிறகுதான் வந்தது. உள்ளே கறுப்பு மாவாக இருந்தது, வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு துடைத்தேன். பம்பு ஓரமெல்லாம் பிரேக் எண்ணெய் கசிந்திருக்கிறது. லைனிங் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மேட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பிள்ளைகள் நடந்துதான் இறங்குகிறார்கள்.

சீக்கிரம் அனுப்புங்கள் அண்ணா.

பவானி


சுங்கைப்பட்டாணி
25.3.1994

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். எட்டு என்று நீ எழுதியதும் நல்லவேளை என்று இருந்தது. கேட்காமல் அனுப்பியிருந்தால் ஏழு அங்குலம் வந்து சேர்ந்திருக்கும். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் பிந்தி வந்த வண்டியின் முன் பிரேக்கை முழுசாக மாற்றியிருக்கிறார். புத்திசாலி.

எதை அனுப்புவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடையில் இங்கிலாந்துப் பெட்டியில் பிரிக்காத பழைய பம்பும் சூவும் இருக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. என் முதலாளி அதைத்தான் எடுக்கச் சொன்னார். ஆனால் ரப்பர் பெட்டிக்குள்ளேயும் வயதாகிறது. நீ ரப்பரோடு வளர்ந்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். புது சூ ஒன்றும் இருக்கிறது, விலையும் குறைவு. அதன் லைனிங் விளிம்பில் ஒட்டு சரியாகப் பிடிக்காமல் மெல்லிய கோடு தெரிந்தது. வேறு யாருக்காவது என்றால் கொடுத்திருப்பேன். உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் கொல்லையில் கிடந்த அறுபத்து நாலாம் வருஷத்து மோரிஸிலிருந்து, சூவும் பம்பும் உட்காரும் முன் பிரேக்குத் தட்டு இரண்டையும் கழற்றினேன். பம்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து புது ரப்பர் போட்டேன். சூவுக்கு நம்பிக்கையான ஆளிடம் புது லைனிங் வைத்து ஆணி அடித்து வாங்கினேன். புது ஸ்பிரிங். எல்லாவற்றையும் தட்டிலேயே மாட்டிவிட்டேன். அங்கே உதிரியாகக் கோர்க்க வேண்டிய வேலையே இல்லை. பழைய தட்டைக் கழற்றி இதை வைத்து, பிரேக் எண்ணெய் ஹோஸைச் சேர்த்து, அதற்குள் இருக்கும் காற்றை எடுத்தால் முடிந்தது. ஒன்றில் 'வலது' என்றும் இன்னொன்றில் 'இடது' என்றும் சீட்டுக் கட்டியிருக்கிறேன். இரண்டும் பார்க்க ஒன்றாக இருக்கும், ஆனால் மாற்றி வைக்கக் கூடாது. சீட்டைப் பார்த்து வைத்தால் தப்பு நடக்க வழியே இல்லை.

இன்று பார்சலில் போட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி. லாரி ஓட்டிய மாப்பிள்ளை எதையும் சாணால் அளக்கிறவர். அவருக்குத் தையல் டேப் எதற்கு? 'துடைத்தேன்' என்று வேறு எழுதியிருக்கிறாய். வழக்கமாக உன் கடிதத்தின் அடியில், "மச்சான், எப்ப வர்றீங்க" என்று ஒரு வரி கிறுக்குவார். இரண்டு கடிதமாக அதையும் காணோம். என்மேல் கோபமா?

காந்தன்


பெம்பான்
20.4.1994

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே நாங்கள் நலம். பதில் போடத் தாமதமானதற்கு மன்னியுங்கள், வேலை சரியாக இருந்தது.

பார்சல் பத்திரமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டு இரண்டையும் மாட்டியாயிற்று. சீட்டைப் பார்த்துத்தான் வைத்தோம். ஹோஸ் மட்டும் எட்டவில்லை, கொஞ்சம் இழுத்து வளைத்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. காற்று எடுக்கும்போது பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா பெடலை மிதிக்க, நான் நட்டைத் திறந்து மூடினேன். "இந்த வயசுல எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறியாடி" என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

பெடல் இப்போது கெட்டியாக இருக்கிறது. 'கர்ர்' சத்தம் இல்லை. முன்னால் போகும்போது மட்டும் பிரேக் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கிறது. புது லைனிங் பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ரிவர்ஸில் நன்றாகப் பிடிக்கிறது. அதனால் பரவாயில்லை.

மாப்பிள்ளைக்கு உங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை. எனக்குத்தான் பத்து நாளாகக் கழுத்துவலி. அண்ணியிடமிருந்து தபாலில் வந்துவிட்டதோ என்னவோ.

பவானி


சுங்கைப்பட்டாணி
25.4.1994

பவானி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வண்டிச் சாவியை எடுத்து உள்ளே வை.

தட்டு இரண்டும் பக்கம் மாறியிருக்கின்றன. வண்டி முன்னால் ஓடும்போது சுற்றுகிற டிரம்மே சூவை இழுத்து உள்ளே அழுத்த வேண்டும். அதில்தான் பாதி பலம். தட்டு பக்கம் மாறினால் அதே டிரம் சூவைத் தள்ளிவிடும். நீ எவ்வளவு மிதித்தாலும் அரைப் பிரேக்தான். பின்னால் போகும்போது மட்டும் எல்லாம் நேராகி நன்றாகப் பிடிக்கும். ஹோஸ் எட்டாததும் இதனால்தான். உன் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது, உனக்குத் தெரியாமலே எழுதியிருக்கிறாய்.

சீட்டுக் கட்டியிருந்தேனே, அப்புறம் எப்படி மாறும்? பதினெட்டு வருஷ அனுபவத்தில் நானே சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேனா? நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'அதனால் பரவாயில்லை' என்றால் என்ன அர்த்தம்? ரிவர்ஸில் பிடித்தால் எப்படிப் பரவாயில்லை? மாப்பிள்ளையிடம் காட்டி, அவரை உடனே கடைக்குப் போன் செய்யச் சொல். மாப்பிள்ளை இருக்க, சுப்பம்மா அக்கா ஏன் பெடலை மிதிக்கிறார்?

காந்தன்


சுங்கைப்பட்டாணி
26.4.1994

பவானி,

நேற்றுப் போட்ட கடிதம் உனக்கு வரப் பல நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை வீதம் அந்த மேட்டில் வண்டி இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கவில்லை. எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டேன்.

ஆபீஸில் கணக்கெழுதும் சாமிநாதன் கிராணிதான் எடுத்தார். மணியத்தைக் கூப்பிடுங்கள் என்றேன். "அவர் எப்படிங்க வருவாரு? பிப்ரவரியிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சே! உங்களுக்குத் தெரியாதா?" என்றார். வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். "உங்க தங்கச்சிதான் லா. எஸ்டேட்டே வேடிக்கை பாக்குது. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மேட்டுல பின்னால பின்னாலயே இறக்குது."

வண்டியை எடுக்க வேண்டாம், கடிதம் வருகிறது என்று உன்னிடம் சொல்லச் சொல்லி வைத்தேன்.

மூன்று கடிதத்திலும் 'நாங்கள் நலம்' என்று எழுதியிருக்கிறாய். எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது. நான் உனக்கு யார் பவானி?

காந்தன்


பெம்பான்
30.4.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தத் தடவை நாங்கள் நலம் என்று எழுதவில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. போன் செய்தி அன்றைக்கே வந்துவிட்டது. ஆபீஸ் போனில் இங்கே யாரையும் சும்மா கூப்பிட மாட்டார்கள், சாவுச் செய்திக்கு மட்டும்தான். சுப்பம்மா அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்து, "ஆபீஸுக்குப் போன் வந்துருக்குடி, உங்க அண்ணன் ஊர்லருந்து" என்றதும் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். போய்க் கேட்டால் பிரேக்! சாமிநாதன் கிராணி முன்னால் சிரித்தும் விட்டேன், அழுதும் விட்டேன்.

தைப்பூசம் முடிந்து இரண்டாவது வாரம், குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்தார் என்றுதான் நினைத்தேன். தூக்கினால் வலது கையும் காலும் துணியாகத் தொங்கின. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இப்போது பேச்சு தெளிந்துவிட்டது. கை கால் வரவில்லை. வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகிறோம். காலைப் பிடித்து, "அசைங்க, அசைங்க" என்கிறார்கள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். "மச்சான்கிட்ட விழுந்தவனா நான் போய் நிக்க மாட்டேன்" என்றார். எனக்கும் ஒரு பயம் இருந்தது. தெரிந்தால் நீங்கள் அடுத்த பஸ்ஸில் வந்து எங்களை வடக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். பிள்ளைகளை ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு இவரைப் படுக்கையோடு உங்கள் வீட்டு ஹாலில் போட்டால், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்துத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

தட்டை மாற்றி வைத்தது நான்தான். உங்கள் சீட்டில் தப்பு இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பால்மரம் சீவியவள் நான். மரத்துக்கு முன்னால் நின்றால் என் இடது கைப் பக்கம்தான் மரத்துக்கு இடது, என் வலது கைப் பக்கம்தான் மரத்துக்கு வலது. வெட்டு இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்கும். "வலது பக்கம் ஆழமாப் போகுது" என்று கங்காணி கத்தினால், நிற்கிற என் வலது. மரத்துக்குள் உட்கார்ந்து யார் வெளியே பார்க்கிறார்கள்? வண்டியின் முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அதன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். 'வலது' என்ற தட்டை என் வலது கைப் பக்கம் வைத்தேன். அவ்வளவுதான்.

மாட்டிய மறுநாள் வெறும் வண்டியோடு மேட்டில் இறங்கினேன். மிதித்தேன், நிற்க யோசித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். வீட்டு முன்னால் ரிவர்ஸில் விடும்போது மிதித்தால், தலை சீட்டில் போய் இடிக்கும் அளவுக்குப் பிடித்தது. ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை அண்ணா. பிடிக்கிற பக்கமாகப் போவோம் என்று முடிவு செய்துவிட்டேன். மேட்டு உச்சியில் வண்டியைத் திருப்புவேன். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பாலம்வரை ரிவர்ஸ். அங்கே மண் தரையில் திருப்பிக்கொண்டு, சமதரையில் ஆமை வேகம். பிள்ளைகள் மேட்டைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். எனக்கு 'ரிவர்ஸ் அக்கா' என்று பெயர். கழுத்துவலி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் நடந்து இறங்குகிறார்கள் என்று எழுதியது பாதி பொய். முதல் இரண்டு வாரம் நடந்தார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

வண்டியை எடுக்கவில்லை. நான்கு நாளாக ஏழு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று எழுதுங்கள். நானே செய்கிறேன். நீங்கள் எனக்கு யார் என்று கேட்டீர்கள். பொய் சொல்லப் பயப்படுகிற ஒரே ஆள்.

பவானி


சுங்கைப்பட்டாணி
5.5.1994

அன்புத் தங்கை பவானிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிதான் சத்தமாகப் படித்தாள். எனக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. ஏழு பிள்ளைகளோடு மேட்டில் பின்னால் இறங்குகிற காட்சி கண்ணை மூடினாலும் வருகிறது. நல்லபடியாக முடிந்ததே என்று கோயிலில் ஏழு தேங்காய் உடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன். உன் அண்ணி மோகனா என் கையைப் பிடித்து, "போய் என்ன செய்வீங்க? அவ நல்லாத்தான் மாட்டியிருக்கா. உங்க சீட்டுதான் அரைகுறை. முதல்ல அதைச் சரியா எழுதுங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பதினெட்டு வருஷமாக 'வலது', 'இடது' என்று எழுதிக் கொடுக்கிறேன். யார் நின்று பார்க்கிற வலது என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

இப்போது எழுதுகிறேன். வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவருக்கு எது வலதோ, அதுதான் வலது. மாப்பிள்ளையைத் தூக்கி ஓட்டுநர் சீட்டில் உட்கார வை. அவர் வலது கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தச் சக்கரத்தில் 'வலது' சீட்டுள்ள தட்டை மாட்டு. சரியாக வைத்தால் ஹோஸ் இழுக்காமல் தானாக எட்டும். எட்டாவிட்டால் நிறுத்திவிடு. காற்று எடுத்து, வெறும் வண்டியோடு சமதரையில் முன்னால் பத்துத் தடவை நிறுத்திப் பார். அப்புறம் மேடு. அப்புறம்தான் பிள்ளைகள்.

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. மாப்பிள்ளை, பள்ளி விடுமுறைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், உங்களைத் தூக்கிக்கொண்டு போக வரவில்லை. உங்கள் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து தரையை மிதிக்க வருகிறேன். நீங்கள் பின்னால் உட்கார்ந்து கேலி செய்யுங்கள். விழுந்தவர் என்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் விட்டீர்களே என்றுதான் நினைத்தேன்.

காந்தன்


பெம்பான்
19.5.1994

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நாங்கள் நலம். இந்தத் தடவை நம்பலாம்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நானும் சுப்பம்மா அக்காவும் சேர்ந்து அவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தோம். ஸ்டியரிங்கை இடது கையால் தொட்டுப் பார்த்தார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் தொட்டார். "வலது எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டேன். "இந்தப் பக்கம்தான் லா. மூணு மாசமா இந்தப் பக்கத்தையேதானே நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினேன்.

ஹோஸ் தானாக எட்டியது. சமதரையில் பத்துத் தடவை என்றீர்கள், இருபது தடவை நிறுத்திப் பார்த்தேன். மேட்டில் மூன்று நாள் வெறும் வண்டி. திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு மேட்டில் இறங்கினால், "என்னக்கா இது, சும்மா எல்லாரும் போற மாதிரி போறீங்க" என்று ஏழு பேருக்கும் முகம் தொங்கிப்போகிறது. வருத்தப்படட்டும். என் கழுத்து நேராகிவிட்டது.

நேற்று பயிற்சிக்கு மலாக்கா போகும்போது அவரை முன் சீட்டில் வைத்துத்தான் மேட்டில் இறக்கினேன். பாலத்துக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. மிதித்தேன், சொன்ன இடத்தில் நின்றது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

கீழே அவர் ஏதோ எழுத வேண்டுமாம். நான் படிக்கக் கூடாதாம், அவரே ஒட்டித் தருவாராம். சரி என்று பேனாவைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன்.

பவானி


மச்சான்,

பீச்சாங்கையில எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. எழுத்து கோணலாத்தான் வருது.

மாடு குறுக்க வந்தப்ப பவானி பிரேக்கை மிதிச்சா. நானும் மிதிச்சேன். உங்கள மாதிரியே, தரையில. வலது கால் மச்சான். ஒரு அங்குலம் இருக்கும். செருப்பு தரையில உரசின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பவானி பாக்கல, அவ மாட்டைப் பாத்துக்கிட்டிருந்தா.

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில அசைங்கன்னு சொன்னாங்க. அப்ப அசையல. வீட்டுக்கு வந்து நானா அசைச்சுப் பாத்தேன், வரல. அதனாலதான் அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா நாளைக்கே என்னை நடக்கச் சொல்லுவா. நடக்கலேன்னா அவ முகத்தைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு.

இன்னொரு தடவை மிதிச்சா நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீங்க எழுதிடாதீங்க. தினமும் காலையில புள்ளைங்களோட என்னையும் முன்னால ஏத்திக்கச் சொல்லியிருக்கேன். எதுக்குன்னு கேட்டா. சும்மா காத்து வாங்கத்தான்னு சொல்லியிருக்கேன்.

எப்ப வர்றீங்க?

மணியம்